தலையாட்டினால் போதாது, இழுத்துக் காட்டட்டும்

கேள்வி: அரசு வட்டார மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளிகளுக்கு டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்து, "சிஸ்டரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுவார். கூட்டத்தில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினாலே அதிகம். மூடியைத் திறப்பதிலிருந்து வாய் கொப்பளிப்பது வரை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். "தெரியும், தெரியும்" என்று தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் அடுத்த மாதம் அதே இரைப்போடு வந்து நிற்கிறார்கள். பீடி குடித்து நுரையீரல் கெட்டுப்போன ஒரு பெரியவர் பம்ப்பை, அதாவது அழுத்தி அடிக்கும் இன்ஹேலரை, அடித்தால் மருந்து முழுவதும் புகையாக வெளியே வந்துவிடுகிறது. பீடியைத் தொட்டே பார்க்காத, விறகு அடுப்பிலேயே காலம் கழித்த ஒரு பாட்டி, உறிஞ்சுவதற்குக் கொடுத்த கேப்சூலை இரண்டு மாதமாகத் தண்ணீர் குடித்து விழுங்கியிருக்கிறார். கோபத்தில் திட்டிவிட்டேன். போதாக்குறைக்கு, "இதைப் பழக்கிவிட்டால் விடவே முடியாதாமே" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். எப்படிச் சொல்லிக் கொடுத்தால் மனதில் நிற்கும்? சுவரில் படம் ஒட்டினால் பயன் உண்டா?

பதில் அளிப்பவர்: நுரையீரல் நோய் மருத்துவர்

அன்புள்ள சிஸ்டர்,

ஐந்து நிமிடம் தாராளமாகப் போதும். ஆனால் அதில் முதல் ஒரு நிமிடம் நீங்கள் பேசவே கூடாது. நோயாளியின் கையில் அவருடைய சொந்த இன்ஹேலரைக் கொடுங்கள். "வீட்டில் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். நடுவில் திருத்த வேண்டாம், கையைப் பிடித்து நகர்த்தவும் வேண்டாம். தவறு முழுவதுமாக வெளியே வரட்டும்.

"தெரியுமா?" என்று கேட்டால் "தெரியும்" என்றுதான் பதில் வரும். பின்னால் வரிசை நிற்கிறது, ஊருக்குப் போகும் பஸ் இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும், வெள்ளை உடுப்புக்காரரிடம் தெரியாது என்று சொல்லக் கூச்சம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அவர் உண்மையாகவே தனக்குத் தெரியும் என்று நம்புகிறார். மாத்திரை தொண்டையில் இறங்குவது தெரியும். ஊசி போட்டால் வலிக்கும். இன்ஹேலர் மருந்து நுரையீரலுக்குள் போனதா, நாக்கிலேயே நின்றுவிட்டதா என்பதை இழுத்தவர் அறிய வழியில்லை. புஸ்ஸென்று சத்தம் வந்தது, வாயில் லேசாகக் கசந்தது, சரி, வேலை முடிந்தது என்று மூடியை மாட்டிவிடுகிறார். உண்மையில் அவருக்குக் கசந்தது வாயில் தங்கிப்போன மருந்து.

உங்கள் ஊர் நோயாளிகளை மட்டும் நொந்துகொள்ள வேண்டாம். 1975 முதல் 2014 வரை பல நாடுகளில் நடந்த 144 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்களின் கணக்கு அது. இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் 31 விழுக்காடுதான். நாற்பது ஆண்டுகளில் இந்த நிலை மேம்படவே இல்லை என்பது அதைவிடக் கசப்பான செய்தி. 1956-இல் முதல் பம்ப் விற்பனைக்கு வந்ததிலிருந்து கருவிகளை விதவிதமாக மாற்றி வந்திருக்கிறோம். சொல்லிக் கொடுக்கும் விதத்தை மட்டும் மாற்றவில்லை. மருத்துவர்களையும் செவிலியர்களையும் செய்து காட்டச் சொன்ன ஆய்வுகளிலும் பலர் சறுக்கியிருக்கிறார்கள். அதனால் நாளைக்கே, கூட்டம் சேர்வதற்கு முன், காலியான பம்ப் ஒன்றையும் கேப்சூல் பொடியை உறிஞ்சும் ரோட்டாஹேலர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருந்தாளுநர் எதிரில் நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள். அவரும் உங்களுக்குச் செய்து காட்டட்டும். இருவரும் ஒரே மாதிரி சொல்லாவிட்டால் நோயாளி குழம்பிப்போவார்.

நோயாளி செய்து காட்டி முடித்ததும் அவர் சரியாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லுங்கள். பிறகு தவறுகளில் மருந்தை உள்ளே போகவிடாத ஒன்றை, மிஞ்சினால் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து குலுக்கி அடித்தவர் மூச்சைப் பத்து எண்ணும் வரை அடக்கவில்லை, ஏழு எண்ணுவதற்குள் விட்டுவிட்டார் என்றால் அது இன்றைக்குப் பெரிய விஷயம் அல்ல. அடித்துவிட்டு மூக்கால் மூச்சு இழுத்தார் என்றால் அதுதான் இன்றைய பாடம். நீங்கள் செய்து காட்டுங்கள், மறுபடி அவர் செய்யட்டும், தவறினால் இன்னொரு முறை. எட்டுப் படிகளை ஒரே மூச்சில் சொல்வதைவிட ஒரு படியை மூன்று முறை செய்ய வைப்பதற்கு நேரம் குறைவாகவே ஆகும்.

இனி உங்கள் பெரியவரிடம் வருகிறேன். வாயிலிருந்து புகை வருகிறதே, அது எந்த நேரத்தில் வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். அடித்த உடனே உதட்டின் ஓரத்தில் வந்தால் உதடு இறுகப் பொருந்தவில்லை, அல்லது அடிக்கும்போது அவர் உள்ளே இழுக்கவே இல்லை. மூக்கிலிருந்து வந்தால் வாயால் இழுப்பதற்குப் பதிலாக மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். முழு மூச்சையும் இழுத்து முடித்துவிட்டு, நெஞ்சு நிறைந்த பிறகு அடிப்பவர்களும் உண்டு. மருந்துக்கு உள்ளே போக இடமே இருக்காது. இன்னும் சிலருக்குக் குளிர்ந்த மருந்து தொண்டையில் பட்டதும் மூச்சு சட்டென்று நின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் திருத்தம் வேறு. "நன்றாக இழுங்கள் தாத்தா" என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்வதால்தான் ஒருவருக்கும் உதவாமல் போகிறது.

பம்ப்பிலிருந்து மருந்து மிக வேகமாகக் கிளம்புகிறது. நோயாளியும் வேகமாக இழுத்தால் அது வளைந்து இறங்க நேரமில்லாமல் தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சிறிய மூச்சுக்குழாய்கள் வரை போகவேண்டிய துகள்களின் அளவு 1 முதல் 5 மைக்ரான். அவை மெதுவான காற்றோடுதான் உள்ளே செல்லும். முறையாகச் செய்தாலும் பெரும்பாலான பம்ப்களில் 10 முதல் 20 விழுக்காடு மருந்துதான் நுரையீரலைச் சேர்கிறது. முறை தவறினால் எவ்வளவு மிஞ்சும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பம்ப்புக்கு மெதுவான மூச்சு. இதைப் பம்ப்பைக் கையில் கொடுக்காமலே பழக்குங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, உள்ளிருக்கும் காற்றை முடிந்தவரை வெளியே விடச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் மேசையில் விரலால் தட்டித் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ண, அந்த எண்ணிக்கை முழுவதும் அவர் வாயால் உள்ளே இழுத்துக்கொண்டே போக வேண்டும். இழுத்த மூச்சைப் பத்து எண்ணும் வரை, முடியாவிட்டால் முடிந்த மட்டும், அடக்க வேண்டும். இது வந்துவிட்டால் அடுத்து பம்ப்பை வாயில் வைத்து, அடிக்காமல், இதையே செய்யட்டும். மூன்றாவது சுற்றில்தான் அடிப்பது. நீங்கள் "ஒன்று" என்று சொல்லும்போது, அதாவது இழுக்கத் தொடங்கியவுடன், ஒரே ஒரு முறை அழுத்த வேண்டும். இரண்டாவது பஃப், அதாவது இன்னொரு அழுத்து, தேவை என்றால் அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கி, மறுபடி முதலிலிருந்து. இரண்டையும் படபடவென்று சேர்த்து அடிப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். அதைக் கண்டால் விட்டுவிடாதீர்கள்.

சிலருக்கு விரல் மூட்டு வீங்கியிருக்கும், ஒற்றைக் கையால் அழுத்த வராது. இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தட்டும், தவறே இல்லை. வாயில் வெற்றிலையோ புகையிலையோ அடக்கி வைத்திருப்பவர்களை முதலில் துப்பி, கொப்பளித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நாக்கு தடிமனாகச் சுருண்டு பம்ப்பின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வாய்க்குள் நடப்பது என்பதால் இது எளிதில் கண்ணில் படாது.

இத்தனையும் செய்த பிறகும் கையும் மூச்சும் சேரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குழாயான ஸ்பேசர் இருக்கிறது. பம்ப் பயன்படுத்தும் வயதானவர் ஒவ்வொருவருக்கும் ஸ்பேசரும் தரவேண்டும் என்பது என் கருத்து. அதைக் குழந்தைகளின் கருவி என்று நினைத்து வேண்டாம் என்பவர்கள் உண்டு, "பெரிய ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.விலும் இதை வைத்துத்தான் கொடுக்கிறோம்" என்று சொன்னால் வாங்கிக்கொள்வார்கள். குழாய்க்குள் ஒரு பஃப் அடித்துவிட்டு, உடனே மெதுவாக ஒரே நீண்ட மூச்சாக இழுத்து அடக்கலாம். அதற்கு முடியாதவர்கள் வாயை எடுக்காமல் ஐந்து முறை சாதாரணமாக மூச்சு இழுத்து விடலாம். இரண்டு பஃப்பையும் ஒன்றாக உள்ளே அடித்துவிட்டுப் பிறகு இழுப்பது கூடாது. பிளாஸ்டிக்கில் தேங்கும் நிலைமின்சாரம் மருந்தைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும் என்பதால், பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் அலசி, துடைக்காமல், நிழலில் காயவிட வேண்டும். துணியால் பளபளவென்று துடைத்து வைக்கும் சுத்தக்காரர்களிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

ஸ்பேசர் வாங்கக் காசில்லை, மருத்துவமனையிலும் கையிருப்பு இல்லை என்றால் ஒரு வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் குழந்தை மருத்துவர் ஹெதர் ஜாரும் அவருடைய குழுவினரும் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்ப்பின் வாய் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியை அடைத்து, கடையில் வாங்கும் ஸ்பேசரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரைப்போடு வந்த குழந்தைகளில் அது வாங்கிய ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது என்று 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். துளையைச் சுற்றிக் காற்று கசியக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். அதே ஆய்வில் தெர்மோகோல் டம்ளர் அவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை. நல்ல ஸ்பேசர் கிடைக்கும்வரை பாட்டிலை வைத்துச் சமாளிக்கலாம்.

பாட்டி விஷயம் வேறு. அவரைத் திட்டியிருக்க வேண்டாம். விழுங்கியதால் அவருக்குப் பெரிய தீங்கு நேர்ந்திருக்காது. மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, இரண்டு மாதம் சிகிச்சையே இல்லாமல் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் ஏன் விழுங்கினார் என்று பாருங்கள். பிரஷர் மாத்திரை, கால்சியம் மாத்திரையோடு இந்தக் கேப்சூலும் அதே மாதிரி கவரில் வந்திருக்கும். கவரின் மேல் "1-0-1" (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று அதே மாதிரி எழுதியிருக்கும். ரோட்டாஹேலர் தனியாக ஒரு பையில், என்னவென்று தெரியாத பிளாஸ்டிக் சாமானாகக் கிடந்திருக்கும். மாத்திரை போல் வந்ததை மாத்திரையாகத்தான் யாரும் விழுங்குவார்கள். மருந்தாளுநரிடம் பேசி, உறிஞ்சும் கேப்சூலை ஒருபோதும் மாத்திரைக் கவரில் போடாமல் கருவியோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பாட்டிக்கு முன்னால் ஒரு கேப்சூலைப் பிரித்து உள்ளே இருக்கும் பொடியை அவருடைய உள்ளங்கையில் கொட்டுங்கள். ஒரு சிட்டிகைகூட இருக்காது. ஊதினால் பறந்துவிடும். "இந்தப் பொடிதான் மருந்து. கூடு மருந்தல்ல. பொடி நெஞ்சுக்குள் போக வேண்டும்" என்று சொல்லுங்கள். ஒரு கேப்சூல் வீணாகும். மாதத்துக்கு அறுபது கேப்சூல் வீணாவதோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு பரவாயில்லை.

பிறகு கருவி. கேப்சூலின் நிறமில்லாத, ஒளி ஊடுருவும் முனை கீழே இருக்கும்படி ரோட்டாஹேலரின் சதுரத் துளையில் செருகி, மேல்மட்டத்துக்குச் சமமாக வரும்வரை அழுத்த வேண்டும். அடிப்பாகத்தை நிற்கும்வரை திருப்பினால் கேப்சூல் இரண்டாகப் பிரிந்து பொடி உள்ளே கொட்டும். மூச்சைக் கருவியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே விட வேண்டும். கருவிக்குள் ஊதினால் பொடி பறந்துவிடும், வாய் ஈரம் பட்டுக் கட்டியாகவும் ஆகிவிடும். இதற்குப் பிறகுதான் பம்ப்புக்கு நேர்மாறான காரியம்: முதல் நொடியிலிருந்தே பலமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இளநீர் தீர்ந்த பிறகு அடியில் இருக்கும் கொஞ்சத்தை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவோமே, அந்த வேகம். கூடு உள்ளே கடகடவென்று ஆடும் ஓசை உங்கள் காதுக்குக் கேட்க வேண்டும். முடிந்ததும் திறந்து பாருங்கள். பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுக்கட்டும். கூட்டின் துண்டுகளைத் தட்டி வெளியே போட்டுவிட வேண்டும்.

பொடிக் கருவியில் மருந்தைத் தூளாக்கி உள்ளே அனுப்பும் வேலை முழுவதும் நோயாளியின் மூச்சையே நம்பியிருக்கிறது. தள்ளிவிட வாயு எதுவும் இல்லை. நோய் முற்றிய, உடல் மெலிந்த பெரியவர்களுக்கு அந்த வேகம் வரவே வராது. மூன்று முறை முயன்றும் கூடு ஆடும் ஓசை கேட்கவில்லை, பொடி அப்படியே இருக்கிறது என்றால் அது கற்பித்தலின் குறையே அல்ல. அந்தக் கருவி அவருக்குப் பொருந்தாது. எழுந்து போய் டாக்டரிடம், "இவரால் இதை இழுக்க முடியவில்லை, பம்ப்பும் ஸ்பேசரும் கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். ஓ.பி. கூட்டத்தில் டாக்டர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். நோயாளி இழுப்பதைக் கண்ணால் பார்த்தவர் அந்தக் கட்டடத்தில் நீங்கள் ஒருவர்தான்.

ஒரே நோயாளிக்கு ஒரு பம்ப்பும் ஒரு பொடிக் கருவியும் கொடுக்கும் வழக்கத்தையும் டாக்டரிடம் பேசிப் பாருங்கள். ஒன்றை மெதுவாக இழு, மற்றதைப் பலமாக இழு. ஒன்றைக் குலுக்கு, மற்றதைக் குலுக்காதே. எழுபது வயதில் இதை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா? முடிந்தவரை எல்லா மருந்தும் ஒரே வகைக் கருவியில் இருப்பது நல்லது. இந்த மாதம் ஸ்டாக் இல்லை என்று மருந்தகத்தில் கருவியை மாற்றிக் கொடுத்தால், அன்றைக்கு அவர் புது நோயாளி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கமாகிவிடும் என்ற பயத்துக்கு வருவோம். இதற்கு நீண்ட விளக்கம் எடுபடாது, கணக்கு எடுபடும். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். பம்ப்பில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். இரண்டு பஃப் அடித்தாலும் மாத்திரையில் இருபதில் ஒரு பங்குதான். மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி, கை நடுங்க வைத்து, நெஞ்சு படபடக்க வைத்துத்தான் நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலர் நேரே போகிறது. "விடமுடியாது" என்பதற்குப் பதில்: நிறுத்தினால் நோய்தான் திரும்பி வருகிறது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறுவதை யாரும் பழக்கம் என்று சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இன்ஹேலர் வாங்கிய பிறகுதான் இறந்தார் என்ற கதையும் வரும். நோய் முற்றும்வரை காத்திருந்து கடைசியில் வாங்கியிருப்பார். பழி இன்ஹேலர் மேல் விழுந்துவிட்டது.

ஆவி வைத்தால்தான், அதாவது நெபுலைசர் வைத்தால்தான், நெஞ்சு திறக்கும் என்பவர்களுக்கும் இதே போல் பதில் சொல்லலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் இல்லாதவர்களுக்கு ஸ்பேசர் வைத்து முறையாக அடித்த பம்ப் நெபுலைசருக்குச் சமமாகவே வேலை செய்கிறது. முறையாக அடித்த என்பதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

எந்த மருந்து எதற்கு என்பதும் கற்பித்தலில் சேர்ந்ததுதான். சால்பூட்டமால் சில நிமிடங்களில் மூச்சை இலேசாக்கும், நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பியூடசோனைட் போன்ற ஸ்டீராய்டு இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. மூச்சுக்குழாயின் வீக்கத்தை அது வடியவைக்கப் பல நாட்கள் ஆகும். ஒன்றும் தெரியாததால் நோயாளி அதை ஓரமாக வைத்துவிட்டு, சட்டென்று பலன் தருவதையே திரும்பத் திரும்ப அடிப்பார். ஆஸ்துமாவில் இது ஆபத்து. சால்பூட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை செய்யக் கூடாது என்று ஜினா என்ற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டி 2019 முதல் சொல்லி வருகிறது. சி.ஓ.பி.டி.யில் கணக்கு வேறு. அங்கே ஸ்டீராய்டு எல்லாருக்கும் தேவைப்படாது, அதை டாக்டர் முடிவு செய்யட்டும். உங்கள் வேலை, தினமும் அடிக்க வேண்டியது எது, மூச்சு முட்டும்போது அடிக்க வேண்டியது எது என்று நோயாளி தானே எடுத்துக் காட்டும்படி செய்வது. பெயரைப் படிக்கத் தெரியாதவருக்குத் தினசரி மருந்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ஸ்டீராய்டு உள்ள கருவியைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். அடித்துவிட்டுப் பல் துலக்கினால் கொப்பளிப்பதும் அதோடு முடிந்துவிடும். வாயில் வெள்ளைப் படலம் படர்வதும் குரல் கம்முவதும் குறையும். கொப்பளித்த தண்ணீரைத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது.

சால்பூட்டமால் உள்ள நீலப் பம்ப் அடித்தும் மூச்சுத்திணறல் அடங்கவில்லை, ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் வீட்டில் உட்கார்ந்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை உடன் வருபவரிடம் சொல்லி வையுங்கள். அப்படி மூச்சு வாங்கிக்கொண்டு வருபவருக்கு அன்றே பாடம் நடத்தாதீர்கள். இரைப்பு தணிந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரம்தான் அதற்கு ஏற்றது. இடையே ஒன்று: இன்ஹேலர் கற்றுக்கொள்ள வந்தவர் இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தால் சளிப் பரிசோதனை ஆகிவிட்டதா என்று சீட்டைப் புரட்டிப் பாருங்கள். காசநோய் இரைப்பின் பின்னால் ஒளிந்துகொண்டு நம்மை ஏமாற்றும்.

உடன் வரும் மகனோ பேரனோ கெட்டிக்காரனாக இருப்பான், "நான் பார்த்துக்கொள்கிறேன் சிஸ்டர்" என்பான். அவனுக்கும் கற்றுக் கொடுங்கள், ஆனால் கருவி பாட்டியின் கையில்தான் இருக்க வேண்டும். அவன் வேலைக்குப் போன பிறகு இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டும்போது அடிக்கப் போவது பாட்டிதான். செல்போனில் பாட்டி சரியாகச் செய்வதை அவனை ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்; வேறு யாரோ செய்யும் வீடியோவைவிட அது வீட்டில் பயன்படும்.

சுவர்ப் படம் ஒட்டலாம், கெடுதல் இல்லை. ஆனால் அச்சிட்ட படத்தில் பல நேரம் உங்கள் மருந்தகத்தில் இல்லாத கருவி இருக்கும். உங்களிடம் கிடைக்கும் இரண்டு கருவிகளை மட்டும் படமெடுத்து, பம்ப்புக்கு அடியில் "மெதுவாக", ரோட்டாஹேலருக்கு அடியில் "பலமாக" என்று பெரிய எழுத்தில் எழுதினால் போதும். அதையும் காத்திருப்போர் கூடத்தில் ஒட்டாமல் நீங்கள் கற்றுக் கொடுக்கும் மேசைக்கு எதிரே ஒட்டுங்கள்.

ஒருமுறை நன்றாகக் கற்றுக்கொண்டவரும் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி தவறத் தொடங்குவார். அது மறதியின் இயல்பு. எனவே ஒவ்வொரு மாதமும் மருந்து வாங்க வரும்போது கருவிகளோடு மருந்துப் பையை அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். மருந்தைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை செய்து காட்டினால்தான் சீட்டில் உங்கள் கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகச் செய்பவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சீட்டின் ஓரத்தில் "பம்ப், மூக்கால் இழுக்கிறார்" என்று மூன்று சொல் குறித்து வைத்தால் அடுத்த மாதம் யார் டூட்டியில் இருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கருவியை ஒருவருக்கொருவர் மாற்றி வாயில் வைக்க விடாதீர்கள்; விளக்கிக் காட்ட உங்களிடம் தனியாக ஒரு காலிக் கருவி இருக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பம்ப் தீர்ந்துவிட்டதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் நம்பத்தக்கதல்ல. தண்ணீர் வால்வையும் கெடுக்கும். குலுக்கிப் பார்ப்பதும் உதவாது. மருந்து தீர்ந்த பிறகும் தள்ளிவிடும் வாயு உள்ளே இருக்கும், சத்தமும் வரும். எண்ணிக்கை காட்டும் பம்ப் என்றால் எண்ணைப் பார்க்கக் கற்றுக் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்: 200 பஃப் உள்ள பம்ப்பை ஒருவர் காலை இரண்டு, இரவு இரண்டு என்று அடித்தால் ஐம்பதாவது நாள் தீர்ந்துவிடும். அந்தத் தேதியை மார்க்கர் பேனாவால் பம்ப்பின் பிளாஸ்டிக் உறையில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.